நடு ஆற்றில் பல்லுக்காரி

பேச ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நிமிடத்தில், நடு ஆற்றில், படகு நின்றுவிட்டது.

பல்லுக்காரிக்கு அழுகையே வந்தது. பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. அதனால் மேடைக்கு அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மாலைகளில் இந்தச் சுற்றுலாப் படகில் ஸ்டாண்ட்-அப் காமெடி. ஏற்கெனவே இரண்டு முறை பேசி, இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியாயிற்று.

"இன்னிக்கும் சிரிக்கலைன்னா அடுத்த வாரத்திலேருந்து மேஜிக் ஷோதான், பார்த்துக்கோ" என்று ஏறும்போதே சொல்லியிருந்தார் படகுக் கம்பெனியின் ஏற்பாட்டாளர்.

இன்றும் அதே கதைதான். முதல் இரண்டு வரிசை சிரித்தது. பாவம் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் இருந்த நாற்பது பேரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். பத்தாவது நிமிடமே ஏற்பாட்டாளர் ஓரத்திலிருந்து கையைக் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டிவிட்டார், முடித்துக்கொள் என்று.

அடுத்த இரண்டு நிமிடத்தில் என்ஜினும் கைவிட்டது.

பின்பக்கத்துச் சின்ன அறையிலிருந்து படகோட்டி தலையை நீட்டினார். ஐம்பது வயது, எண்ணெய்க் கறை படிந்த சட்டை, கையில் ஸ்பானர்.

"சின்னக் கோளாறு. நங்கூரம் போட்டிருக்கேன், பயப்பட வேண்டாம்."

"எப்பய்யா சரியாகும்?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஆகும்."

"கிளம்பறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்க்க மாட்டீங்களா? ஆளைப் பாரு, ஸ்பானரைப் பாரு" என்றார் கடைசி வரிசையில் இருந்த பருமனான மனிதர். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். படகோட்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏற்பாட்டாளர் மேடைக்கு ஓடி வந்தார். "ஏதாவது பேசு. விட்டா சண்டைக்கு வந்துடுவாங்க."

"நீங்கதானே சார் முடிக்கச் சொன்னீங்க?"

"இப்ப ஆரம்பிக்கச் சொல்றேன்."

நனைந்தாயிற்று, இனி என்ன குடை என்று மைக்கைப் பிடித்தாள்.

"பாதியில யாரும் எழுந்து போக முடியாதேன்னுதான் படகுல பேச ஒத்துக்கிட்டேன். கடைசியில என்ஜின் எழுந்து போயிடுச்சு."

சிரிப்பு கடைசி வரிசையிலிருந்து வந்தது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணன்கிட்ட எப்ப சரியாகும்னு கேட்டீங்க. 'ஆகும்'னார். நானும் தினம் நாப்பது பேருக்கு போன்ல இதைத்தான் சொல்றேன். டாக்டர் எப்ப வருவார்? வருவார். பல் எப்ப ஆடாம இருக்கும்? இருக்கும்."

பருமனான மனிதர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, லைசென்ஸ் வாங்கறப்போ தண்ணியில ஓட்டிக் காட்டச் சொன்னாங்களா, இல்ல வாயாலேயே சொல்லிட்டு வந்துட்டீங்களா? அந்த ஸ்பானரை வச்சுட்டு நிக்கறதைப் பார்த்தா எங்க டாக்டர் ஞாபகம்தான் வருது. அவரும் எந்தப் பல்லுன்னு தெரியற வரைக்கும் குறடோட இப்படித்தான் நிப்பார்."

படகே குலுங்கியது. வாய் சூடுபிடித்ததும், கால்மணி நேரத்துக்கு முன் செத்து விழுந்த அதே ஜோக்கை எடுத்துத் தூசி தட்டினாள்.

"ஊசி போடறப்போ 'வலிக்காது'ன்னு சொல்வார். பொய் சொல்ல மாட்டார் அவர். அவருக்கு வலிக்காது."

ஒரு பெண்மணி சிரிப்பு தாங்காமல் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தார். அவர் யாரோ எவரோ. அவரும் சிரித்துக்கொண்டிருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம். டாக்டர், கம்பவுண்டர், அவளுடைய மாமியார் என்று ஒருவரையும் விடவில்லை. நடுநடுவே படகோட்டியை இழுத்துக்கொண்டாள். அவரும் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டியதில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் என்ஜின் உயிர் பெற்றது.

துறைக்கு வந்து எல்லோரும் இறங்கியதும் ஏற்பாட்டாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த மாசம் முழுக்க நீங்கதான். முதல் நாளே எனக்குத் தெரியும், உங்ககிட்ட விஷயம் இருக்குன்னு."

'நீ', 'நீங்க' ஆகியிருந்தது.

"அந்த ஆளுக்குத்தான் ஒரு மெமோ குடுக்கணும். நல்லவேளை, நீங்க மானத்தைக் காப்பாத்தினீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பப் படகில் ஏறிப் பின்பக்கம் போனாள். படகோட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. உங்களை ரொம்ப ஓட்டிட்டேன்."

"நல்லாத்தானேம்மா ஓட்டினீங்க. நான்தான் ஓட்டாம இருந்தேன்."

"மெமோ குடுக்கப் போறாராம்."

"குடுக்கட்டும். பதினாறு வருஷத்துல வாங்கினதே இல்ல. அது எப்படித்தான் இருக்கும்னு பார்த்துடுவோம்."

"இதுக்கு முன்னாடி படகு இப்படி நின்னதே இல்லையா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படிண்ணே?"

அவர் கடைசி வரிசை நாற்காலிகளைக் காட்டினார். "என்ஜின் அவங்க காலுக்குக் கீழதான் இரைஞ்சுக்கிட்டிருக்கும். முன்னாடி ரெண்டு வரிசை சிரிச்சுது, இங்க ஒருத்தர் முகத்துலயும் அசைவு இல்ல. ஜோக் சரியில்லைன்னா முன்னாடி இருக்கறவங்க மட்டும் எதுக்கும்மா சிரிக்கணும்?"

அவள் நாற்காலிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப படகு நின்னது..."

"நிக்கலம்மா" என்றார் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டே. "நிறுத்தினேன்."