கம்பத்துப் பெட்டி

"உண்மையைச் சொல்லும்மா, கடைக்காரன் உனக்குக் கமிஷன் எவ்வளவு தர்றான்?"

எல்லார் முன்னாலும் சங்கச் செயலாளர் கேட்டுவிட்டார். குடியிருப்பின் வாசலில் புது விளக்குக் கம்பம். சுற்றிலும் வீட்டுக்காரர்கள்.

எலக்ட்ரீஷியன் பெண்ணின் கையில் இரண்டு சுவிட்ச் பெட்டிகள். ஒன்று வீட்டுக்குள் மாட்டுவது. மற்றது வெளியில் மாட்டுவது; மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். விலை மூன்று மடங்கு.

"கமிஷனெல்லாம் இல்ல சார். இது இரும்புக் கம்பம். பெட்டிக்குள்ள மழைத்தண்ணி போனா, தொடுறவங்களைத் தூக்கி அடிச்சிடும்."

"நாலு சுத்து டேப் போட்டா போதும். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நம்ம தலையில மிளகா அரைக்கப் பார்க்குது, சார்," என்றார் மூன்றாவது மாடிக்காரர்.

வாட்ச்மேன் வாளியோடு ஓரமாக நின்றார். தினமும் சுவிட்சைப் போடப்போவது அவர்தான். மழையானாலும், வெறுங்காலோடு.

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வாதாடவே இல்லை. மீட்டர் ரூமுக்குப் போய்விட்டு வந்தாள். சாதாரணப் பெட்டியையே கம்பத்தில் மாட்டினாள். டேப்பும் சுற்றினாள்.

"பார்த்தீங்களா? சொல்ற விதத்துல சொன்னா வழிக்கு வந்துடறாங்க," என்று செயலாளர் மீசையைத் தடவினார்.

அவள் தோட்டத்து ஹோஸை இழுத்துவந்து பெட்டிமேல் இரண்டு நிமிடம் தண்ணீர் அடித்தாள்.

"மழை விட்டாச்சு சார். உங்க கையாலயே சுவிட்சைப் போடுங்க."

செயலாளர் கையை நீட்டினார். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை பாதியில் நின்றது.

"யோவ் வாட்ச்மேன், நீ வந்து போடுய்யா!"

எல்லார் கண்ணும் வாட்ச்மேனின் வெறுங்காலுக்குப் போனது.

வாட்ச்மேன் வாளியைக் கீழே வைத்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"நீங்க நில்லுங்கண்ணே."

மூன்றாவது மாடிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அந்த ரப்பர் வச்ச பெட்டியையே மாட்டிடும்மா."

"ஆமா, அதையே மாட்டு!" ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில், சுவிட்சுக்குப் போகாத அந்தக் கையும் உயர்ந்தது. யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

அவள் புதுப் பெட்டியை மாட்டத் தொடங்கினாள். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"ஏம்மா, நான் நிஜமாவே தொட்டிருந்தா?"

அவள் பையைத் திறந்து, உள்ளே கிடந்த ஃபியூஸ் கட்டையைக் காட்டினாள்.

"ஒண்ணும் ஆகியிருக்காதுண்ணே. மீட்டர் ரூமுக்குப் போனப்பவே பிடுங்கிட்டேன். உங்க உயிரை வச்சு நான் பந்தயம் கட்டுவேனா?"