காட்டிய இடம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் அந்த ஊர். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு அங்கே கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. தகப்பன் மட்டும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பழைய பாதையோரம் புதைத்துவிட்டு வருவான். இடத்தைத் தாயிடம் சொல்லக் கூடாது என்பது வழக்கம். தன் குழந்தையை அப்படிப் புதைத்த கோல்மனும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடமாக அவர் மனைவி நோரா, பூசைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லுக்கும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பாதையை அகலப்படுத்த இயந்திரம் வந்த அன்று அதன் முன்னால் போய் நின்றாள்.

"இடத்தைக் காட்டுங்கம்மா, அதை மட்டும் விட்டுடறோம்" என்றார் மேற்பார்வையாளர்.

"காட்டு, கோல்மன்" என்றாள் நோரா, பின்னால் வந்து நின்ற கணவனிடம்.

கோல்மன் பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். பிறகு ஒரு முட்செடியின் அடியைக் கைத்தடியால் காட்டினார். அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நோரா மண்டியிட்டு, தான் மட்டும் அறிந்த பெயரைச் சொல்லி அழுதாள்.

வீடு திரும்பும்போது கோல்மன் சொன்னார்: "அன்னிக்குப் பேய் மழை, நோரா. கண்ணே தெரியலை. எங்கே வச்சேன்னு எனக்கே தெரியாது."

பின்னால் இயந்திரம் மண்ணை அள்ளத் தொடங்கியிருந்தது. நோரா அவர் கையை விட்டாள்.