உரைத்த சுக்கு

தலைவலி வந்தால் என் மனைவி மங்களாம்பிகை சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொள்வாள். குத்தகை வழக்கு முடியட்டும் என்று ஸ்கேன் எடுப்பதை நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். எடுத்தபோது மூளையில் நாலு சென்டிமீட்டர் கட்டி இருந்தது. எட்டாம் நாள் அவள் இறந்தாள்.

முன்பே காட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா? அதைக் கேட்கத்தான், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தஞ்சாவூரில் வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து அளந்தார்.

"பரவாயில்லையே. ரிப்போர்ட்டுல நாலுன்னு இருக்கு, இந்தப் புதுப் படத்துல ரெண்டுதான். என்ன மருந்து குடுக்குறீங்களோ அதை நிறுத்திடாதீங்க. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

என்னிடம் இருந்தது அவள் இறப்பதற்கு முன் எடுத்த அந்த ஒரே படம்தான். கேட்க வந்ததைக் கேட்காமலே திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் ஏறினேன்.

சுக்கு உரைக்கும் கல்லை அவள் இறந்த அன்றே கழுவிப் பரணில் வைத்திருந்தேன். வீடு திரும்பியபோது அது அடுப்படியில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த சுக்கு நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது.

கடைத்தெருவுக்கு ஓடினேன். மீரா உசேன் மாமா மக்ரிப் தொழுகைக்காகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"கால் கிலோ சுக்கா? யாருக்கு மாப்ள தலைவலி?"

"மங்களத்துக்குத்தான் மாமா. இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கு."