மூன்றாம் பந்தி

கணவரின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளே ஒரு லட்டு. பிடித்த பிடியில் உருக்குலைந்து, பூந்தி பூந்தியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"மக கல்யாணத்துல திருடித் திங்கணுமா? நாலு பேரு பாக்காகல்ல."

அவர் கையை நீட்டியபடியே இருந்தார். அந்தக் கை நடுங்கிற்று.

பட்டுச்சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தாள். விரலிடுக்கையும் விடவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணவரின் சர்க்கரையைக் காத்து வருபவள் அவள். எந்த வீட்டு விசேஷமானாலும், அவர் இலையில் இனிப்பு விழுமுன் அவள் கை மறிக்கும். உறவுக்குள் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் பந்திக்கு ரசம் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவளே இன்சுலின் போட்டிருந்தாள். மணமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதுச் சட்டையை உயர்த்தி, வயிற்றில். வீட்டில் என்றால் அடுத்த அரைமணியில் தட்டு வந்துவிடும். ஊசியும் தட்டும் ஒருநாளும் பிரிந்ததில்லை.

இங்கே அவர் பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை வீட்டார் உண்டு கைகழுவாமல் அவர் இலைமுன் அமர்வது முறையன்று.

ஊசி போடும்போது அவளுக்கு அது நினைவில் இல்லை. முதல் பந்தியில் இலை விரித்தபோதுதான் உறைத்தது.

"மூணாம் பந்தியில உக்காந்துக்கிடலாம்," என்று அவளே சொன்னாள். "அதுக்குள்ள குடியா முழுகிரும்?"

முதலில் வியர்த்தார். சித்திரை மாதம், மண்டபத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை.

பின்னர்ச் சிடுசிடுத்தார். பெண்ணைப் பெற்றவருக்கு ஆயிரம் கவலை.

அதன்பின், பந்தி விசாரிக்கப் போனவர், சம்பந்தியம்மாளின் இலைக்கு எதிரில் நின்று, "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டார்.

சம்பந்தியம்மாள் சிரித்தாள். "தாலி ஏறி மூணு மணி நேரங்கூட ஆகல. அதுக்குள்ள அண்ணாச்சிக்கு எங்கள மறந்துபோச்சா மதினி?"

வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் முள் இருந்தது.

முகம் சிவக்க அவரை இழுத்துவந்து, சமையற்கட்டை ஒட்டிய நடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் இனிப்புத் தட்டில் கைவைத்துவிட்டார்.

"அசையாம இருங்க. இந்த ஒரு பந்திதான்."

அவர் தலையாட்டினார். வேறு யாருக்கோ தலையாட்டுவதுபோல.

லட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். கைகழுவப் போனாள்.

திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவர் அதன் பக்கத்தில் தரையில் கிடந்தார்.

 

"அரியநாயகம் கூட யாரு வந்திருக்கீங்க?" என்று செவிலி கூப்பிட்டாள். "சுகர் முப்பத்திரண்டுதான் இருக்கு."

நரம்பு வழியே குளுக்கோஸ் ஏறிற்று.

சில நிமிடங்களில் அவர் கண்விழித்தார். நெற்றியில் காய்ந்த சந்தனத்தைத் தடவிப் பார்த்தார்.

"பந்தி முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

இளம் மருத்துவர் கட்டிலருகே அட்டையும் பேனாவுமாக நின்றார். "சர்க்கரை இறங்குனா உடம்பு சும்மா இருக்காதுங்கய்யா. சேத்து வச்சத ஈரல் எடுத்து விடும். அதுவும் பத்தலன்னா ஆள எழுப்பிவிடும். வேர்க்க வைக்கும், கை நடுங்க வைக்கும், கண்ணுல பட்ட இனிப்ப எடுத்து வாயில போடச் சொல்லும். உங்களுக்கு அப்படி எதுவும் தோணலையா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

சிறிய பார்வைதான். அதில் லட்டும் இருந்தது. பிரிக்கப்பட்ட விரல்களும் இருந்தன.

"ஒண்ணும் தோணல டாக்டர்," என்றார்.

மருத்துவரின் முகம் மாறிற்று. "அப்ப அது நல்லதில்ல. நாள்பட்ட சர்க்கரையில சிலருக்கு இந்த எச்சரிக்கையே செத்துப் போயிரும். இனிமே உங்க உடம்ப நம்பி எந்த மருந்தும் குடுக்க முடியாது. எல்லாத்தையும் மாத்தணும்."

பேனா தாளில் இறங்கிற்று.

கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் மாலை கழற்றாத மகளும், மாப்பிள்ளையும், சம்பந்தியம்மாளும் நின்றுகொண்டிருந்தனர்.

அவள் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த உடம்பு ஒரேயொரு முறை அவளை மீறிக் கை நீட்டியது. சரியான நேரத்தில் நீட்டியது. சரியான பொருளை எடுத்தது.

அதைச் செத்துப்போனதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தலையணையில் அவர் தலை இலேசாக அசைந்தது. வேண்டாம் என்று.

"டாக்டர்," என்றாள். குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "எழுதுனத அடிச்சிருங்க. அவுக உடம்பு சொல்லுச்சு."

மருத்துவர் நிமிர்ந்தார்.

"யாருகிட்டம்மா சொல்லுச்சு?"