பட்டியலில் முதலிடம்

"டாக்டர் லண்ட்க்விஸ்ட், என் பட்டியல்ல உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் முதலிடம்," என்றாள் காலீன், நேர்காணல் முடிந்து எழுந்தபடி. "நார்த் டகோட்டா குளிர்னா எனக்கு உயிரு!"

பயிற்சிப் பிரிவின் தலைவர் லண்ட்க்விஸ்ட் அவள் கையை விடாமல் குலுக்கினார். "வெளியில சொல்லிடாதம்மா. எங்க பட்டியல்லயும் நீதான் முதல்."

பயிற்சி மருத்துவராக இடம் கிடைக்காவிட்டால் காலீனின் மருத்துவப் பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். மாணவர்களும் ஆஸ்பத்திரிகளும் ஆளுக்கொரு ரகசியப் பட்டியல் அனுப்புவார்கள். இரண்டையும் பார்த்துக் கணினி முடிச்சுப் போடும். போட்டதை யாரும் அவிழ்க்க முடியாது.

மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி அரங்கில் காலீன் முடிவு இருந்த உறையைப் பிரித்தாள். பிஸ்மார்க் நகரம், நார்த் டகோட்டா: லண்ட்க்விஸ்ட்டின் ஆஸ்பத்திரி. பொலபொலவென்று கண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

உடனே தொலைபேசி அழைத்தது.

"பாத்தியாம்மா, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்!" என்றார் லண்ட்க்விஸ்ட்.

"நானும்தான் டாக்டர்!"

இருவரும் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள்.

காலீன் போனை வைத்ததும் கணவன் கிரெக் கேட்டான்: "பிஸ்மார்க்கை எத்தனாவதா போட்டிருந்த?"

"பதினஞ்சாவதா. அதுதான் கடைசி. மத்த பதினாலும் என்னைக் கைவிட்டுடுச்சு. பாவம் கிரெக், அந்த மனுஷன் என்னை முதலாவதா போட்டிருக்காரு. அவருக்கு இது தெரியவே கூடாது."

அதே நேரம் பிஸ்மார்க்கில் லண்ட்க்விஸ்ட் தன் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வெள்ளந்தியான பொண்ணு, நம்மளையே நம்பி வருது. அறுபது பேர்ல அறுபதாவதா போட்டோம்னு யாரும் வாயத் தொறக்காதீங்க."