குளிர் ஊர்தான் வேணும்

“அம்மா வரவே முடியாத ஊராப் பார்த்துத் தேடிப் பிடிச்சிருக்கா பாரு, உன் பொண்டாட்டி!”

அக்கா போனில் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும். அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அக்கா சொல்வதில் தப்பே இல்லை என்பதுதான் அவனுடைய கஷ்டம்.

வருஷக் கடைசியில் லீவு. கடற்கரைப் பக்கம் போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். எங்கே போனாலும் அம்மாவை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

“கடல் வேண்டாம். எனக்குக் குளிர் ஊர்தான் வேணும், அதுவும் வெளிநாட்டுல” என்றாள் மனைவி.

“வெளிநாடுதான் ஆசைன்னா, வெயிலடிக்கிற நாடு எத்தனையோ இருக்கே?”

“ஊஹூம். பண்டிகைச் சந்தை பார்க்கணும். தெரு முழுக்க மரக் கடையாம், விளக்காம், மேல பனி கொட்டிக்கிட்டே இருக்குமாம். அதைப் பார்த்தே ஆகணும்.”

அம்மாவுக்கு மூச்சிரைப்பு. குளிர் காற்றே படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டவளே இவள்தான்!

இன்னொரு கூத்து. ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தாலே போர்வை தேடுகிறவள் இவள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் தும்மல். இவளுக்குப் பனி கேட்கிறதாம்!

“உனக்கே ஒத்துக்காதே” என்றான்.

“ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு?”

அவன் டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்தான். கல்யாணமானவன் வேறென்ன செய்வான்?

டிக்கெட் போட்டாயிற்று. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் இதே பேச்சுதான். எந்த ஊர்ச் சந்தை பெரிசு, எங்கே ராட்டினம் இருக்கிறது, எந்த ரயிலில் போவது. மகள் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தாள். அம்மா மட்டும் இரவல் கோட்டுகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நேரிலேயே வந்துவிட்டாள்.

“சரி, நீங்க போய்ட்டு வாங்க. நான் பசங்களோட வந்து அம்மாகூட இருக்கேன்.”

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அந்த அப்பாடா அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“வேண்டாம் அண்ணி” என்றாள் மனைவி.

“ஏன் வேண்டாம்?”

“பக்கத்து வீட்டு நர்ஸம்மாகிட்ட ஒரு சாவி குடுத்திருக்கேன். காலையில, ராத்திரி எட்டிப் பார்த்துப்பாங்க. அத்தை தனியாவே இருந்துப்பாங்க.”

“பெத்த பொண்ணு நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், நர்ஸம்மா எதுக்கு?”

“நாங்க இல்லாதப்ப வீட்டுல வேற யாரும் தங்க வேண்டாம், அண்ணி.”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பீரோவை வழிச்சுக்கிட்டுப் போயிடுவேன்னு பயமா?”

மனைவிக்குக் கண் கலங்கிற்று. ஆனாலும் சரி என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

அம்மா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “எதுக்கு சண்டை? அவ சொல்றபடியே இருக்கட்டும்.”

“பார்த்தியாடா, எப்படி மிரட்டி வெச்சிருக்கா!” அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

புறப்படுகிற நாள். பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றியாயிற்று. தெருமுனை திரும்பும்போதுதான் மனைவி கையைப் பார்த்தாள். “என் கையுறை! செருப்பு அலமாரி மேலயே வெச்சுட்டேன்.”

“நான் போய் எடுத்துட்டு வரேன்” என்று அவன் இறங்கினான். நல்ல சாக்கு. அம்மாவிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தான். டிவி ஓடவில்லை. அம்மா அவனுடைய சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, டீப்பாய் மேல் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

அவனைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தாள். “என்னடா, ப்ளேனுக்குப் போகலையா?”

“கையுறைக்கு வந்தேம்மா. நீ கவலைப்படாதே. அவளுக்குத் தெரியாம அக்காவை இன்னைக்கே வரச் சொல்லிடறேன்.”

“ஐயையோ, கெடுத்தியே! போன் பண்ணிட்டியா?”

“இன்னும் இல்லை…”

“பண்ணாதேடா, உனக்குப் புண்ணியமாப் போகும்!” அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொறந்த வீட்டுலயும் கூட்டம், வந்த வீட்டுலயும் கூட்டம். யாருக்கும் சமைக்காம, யார் கூப்பிட்டதுக்கும் பதில் சொல்லாம, ஒரு வீட்டுல நான் மட்டும் பத்து நாள் இருக்கணும்னு எனக்கு எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? உன்கிட்ட சொன்னா, ‘என்னம்மா குறை வெச்சேன்’னு அழுவே. உங்க அக்கா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவா. வாய் தவறி உன் பொண்டாட்டிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

தெருமுனையில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

அம்மா கையுறையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“ஓடு, இதை முதல்ல அவ கையில மாட்டிவிடு. எனக்காக, நீ என்னைக் கூட்டிட்டுப் போக முடியாத ஊராத் தேடிப் பிடிச்சிருக்கா பாவி, அது அவளுக்கும் ஆகாத ஊரு!”