ஐந்தாம் கட்டில்

"ஜெரால்டின், கைய கழுவினியா?"

"இப்பதான் கழுவினேன், ஷாமளா."

"நான் பார்க்கலயே. மறுபடி கழுவு."

ஜெரால்டின் முணுமுணுத்தபடி மறுபடியும் கழுவினாள். ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்த தாதியர். நிமோனியாவில் ஒரு வாரம் வென்டிலேட்டரில் கிடந்த ஐந்தாம் கட்டில் நோயாளியைச் சாதாரண வார்டுக்கு மாற்றலாமா என்று டாக்டர் தயானந்தன் இன்று சொல்லப்போகிறார். மாற்றிவிட்டால் பிழைத்த மாதிரிதான். ஜெரால்டினுக்கு அந்தக் கவலையே பெரிதாக இருந்தது.

கட்டிலருகே இருந்த கண்காணிப்புக் கருவி திடீரென்று அலறியது. ஜெரால்டினின் கை அதன் பொத்தானுக்குப் போனது.

"அலமாக்! முதல்ல ஆளப் பாரு, அப்புறம் மெஷினப் பாரு லா! விரல்ல மாட்டின கிளிப் கழண்டிருக்கும்."

கழன்றுதான் இருந்தது. மாட்டியதும் கருவி அடங்கியது.

"தலைமாட்ட இன்னும் கொஞ்சம் உயர்த்து. இப்படியா வெச்சிருப்பாங்க?" கரகரத்த குரலில் ஷாமளா விடாமல் விரட்டினாள்.

டாக்டர் உள்ளே வந்தார். "அஞ்சாம் கட்டில் எப்படி? ட்யூப் எடுத்த பிறகு மூச்சு நல்லா விடுறாங்களா? நினைவு தெளிவா இருக்கா?"

"காலையிலிருந்து என் வேலையில குத்தம் கண்டுபிடிச்சிட்டே இருக்காங்க, டாக்டர். நீங்களே பாருங்க."

ஐந்தாம் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த ஷாமளா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்டர், நீங்க கை கழுவினீங்களா?"

டாக்டர் திரும்பிக் குழாயடிக்கு நடந்தார்.

"ஜெரால்டின், இவங்கள இப்பவே வார்டுக்கு மாத்திடுங்க. இனிமே அங்க உள்ளவங்க கழுவட்டும்!"